கிட்னி மாற்றிய பின் வரும் சுகர்: நேரில் பார்த்ததை எழுதுங்கள்

வார்டு சிஸ்டர்:
அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஆபரேஷன் முடிந்து இருபதாம் நாள். காலை ஆறு மணி சுகர் 88, 92, 95, 90 என்று அந்த அம்மா கோடு போட்டு எழுதி வைத்திருந்தார். "எங்க வீட்டுக்காரருக்கு சுகர் வரல சிஸ்டர்" என்று நீட்டினார். சாயங்காலம் நாலு மணிக்குக் குத்திப் பார்த்தால் 268.

காலையில் வந்த 92-ம் சரி, மாலையில் வந்த 268-ம் சரி. காலை எட்டு மணிக்கு விழுங்கும் 20 மி.கி. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மதியத்துக்கு மேல்தான் சுகரை ஏற்றும். ராத்திரி அதன் வேகம் அடங்கும், விடிந்தால் ரீடிங் சுத்தமாக இருக்கும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் மாசக்கணக்கில் தெரியாமலே போகும். முதல் மூன்று மாதம் மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்து ஒன்று, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஸ்ட்ரிப்தான் செலவழிக்க முடியும் என்றால் அந்த ஒன்று சாயங்காலத்துக்கு.

டயாலிசிஸ் டெக்னீஷியன்:
சிஸ்டர் சொன்ன நேரக்கணக்கு சரி. ஆனால் 20-ம் நாள் ரீடிங்கை வைத்து யாருக்கும் "சர்க்கரை நோயாளி" என்று முத்திரை குத்தாதீர்கள். அந்தச் சமயத்தில் ஸ்டீராய்டு டோஸ் உச்சத்தில் இருக்கும், வலி, காய்ச்சல் எல்லாம் சேரும், பாதிப் பேருக்கு மேல் ஏறத்தான் செய்யும். 2013-ல் வியன்னாவில் கூடிய நிபுணர்கள், வீட்டுக்குப் போய் மருந்து அளவு நிலைக்கு வந்த பிறகே அந்தப் பெயரை வைக்க வேண்டும் என்றார்கள். ஏறியதற்கு வைத்தியம் உடனே வேண்டும், பெயர் பிறகு.

"டயாலிசிஸ்ல இருந்தப்போ சுகரே இல்ல, புதுக் கிட்னிதான் சுகரைக் கொண்டு வந்துச்சு" என்று சண்டைக்கு வந்தவர் ஒருவர். கெட்டுப்போன கிட்னி இன்சுலினைச் சீக்கிரம் வெளியேற்றாது. கொஞ்சம் சுரந்தாலும் உடம்பில் நெடுநேரம் நிற்கும். அதனால் உள்ளே இருந்த சுகர் வெளியே தெரியவில்லை. புதுக் கிட்னி இன்சுலினை வழக்கம்போல வெளியேற்றத் தொடங்கியதும் வேஷம் கலைந்தது. கிட்னிக்கான லிஸ்டில் காத்திருக்கும்போதே குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் டெஸ்ட்டை எடுத்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

லேப் ஆள்:
அந்த டெஸ்ட்டைப் பாதிப் பேர் தப்பாக எடுக்கிறார்கள். முந்தின மூன்று நாளும் வழக்கமான சாப்பாடு. பயந்துகொண்டு சோற்றைக் குறைத்துவிட்டு வந்தால் ரிசல்ட் பொய் சொல்லும். 8 மணி நேரம் பட்டினி, முதல் ரத்தம், 75 கிராம் குளுக்கோஸை 250 முதல் 300 மி.லி. தண்ணீரில் கரைத்து 5 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும், 2 மணி நேரம் நடக்காமல் உட்கார்ந்திருந்து மறுபடி ரத்தம். 200 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய், 140 முதல் 199 வரை எல்லைக்கோடு. அந்த எல்லைக்கோட்டுக்காரர்களைத்தான் பிடித்துத் தடுக்க முடியும். வெறும் வயிற்று ரீடிங் அவர்களைக் காட்டாது.

மனதை விட்டுப் போகாதது வேறு ஒன்று. இரண்டாம் மாதம் ஒருவர் மூன்று மாத சராசரி (எச்பிஏ1சி) 5.4 என்று ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி போனார். ஹீமோகுளோபின் 8.6, பத்து நாள் முன்புதான் ரத்தம் ஏற்றியிருந்தது, புது ரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபாய்ட்டின் ஊசியும் ஓடிக்கொண்டிருந்தது. பாதி ரத்தம் புதுசு என்றால் மூன்று மாதக் கணக்கு எங்கிருந்து வரும்? புது ரத்தம் எண்ணைக் குறைத்துக் காட்டும், அதனால் முதல் மூன்று மாதம் 5.4 வந்தால் நம்பாதீர்கள். 7 வந்தால் நம்புங்கள்.

அப்புறம், மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் 300 காட்டும். சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, பிறகு குத்துங்கள்.

அக்கறையுள்ளவன்:
எல்லாத்துக்கும் காரணம் ஸ்டீராய்டுதானே? அதை நிறுத்திவிட்டால் கதை முடிந்தது. தெரிந்த ஒருவர் அப்படித்தான் செய்தார்.

வார்டு சிஸ்டர்:
அப்படிச் செய்தவர் ஒருவரைப் பார்த்ததை இங்கே எழுதியே ஆக வேண்டும். தினம் ஒரு 5 மி.கி. மாத்திரை. "சுகர் ஏறுது" என்று யாரையும் கேட்காமல் மூன்று வாரம் நிறுத்தினார். கிட்னி வேலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.2-லிருந்து 2.9-க்கு ஏறியது. பயாப்சியில் (கிட்னித் துணுக்கு எடுத்துப் பார்த்ததில்) உடம்பு புதுக் கிட்னியை எதிர்க்கும் ரிஜெக்‌ஷன். மூன்று நாள் மெத்தில் பிரெட்னிசலோன் 500 மி.கி. டிரிப்பில் போனது. ஒரு நாள் டோஸ் மட்டுமே 625 மி.கி. பிரெட்னிசலோனுக்குச் சமம், அதாவது அவர் தவிர்த்த மாத்திரையில் 125. சுகர் 400-ஐத் தாண்டியது. டோஸைக் குறைப்பது உண்டு, ஆனால் ரிஜெக்‌ஷன் அபாயத்தை எடைபோட்டு டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார்.

மருந்துக் கடை:
ஸ்டீராய்டையே திட்டுகிறீர்கள், புதுக் கிட்னியை உடம்பு எதிர்க்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸை (டாக்ரோ) யாரும் பேசவில்லை. ஸ்டீராய்டு இன்சுலினை வேலை செய்ய விடாது, டாக்ரோ கணையத்தில் இன்சுலின் சுரப்பதையே குறைக்கும். இரண்டும் சேர்ந்து அடிக்கின்றன. ரத்தத்தில் டாக்ரோ அளவு (லெவல்) எகிறினால் சுகரும் எகிறும்.

இருமலுக்குக் கிளாரித்ரோமைசின் ஐந்து நாள். ஆறாம் நாள் அந்தப் பையன் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்க நின்றான். லெவல் 7-லிருந்து 19, சுகர் 310. எரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல், டில்டியாசெம், பம்பளிமாஸ் பழம் எல்லாம் அதே வேலையைச் செய்யும். வயிற்றுப்போக்கு வந்தாலும் லெவல் ஏறும். எந்தக் கடையிலும் முதல் வாக்கியம் "கிட்னி மாத்தியிருக்கு, டாக்ரோ சாப்பிடறேன்" என்பதாக இருக்கட்டும். லெவலுக்கு ரத்தம் கொடுக்கும் அன்று காலை மாத்திரையைப் போடாமல் போங்கள், கொடுத்த பிறகு போடுங்கள். ராத்திரி 9 மணிக்குப் போட்டால் காலை 9-க்கு ரத்தம். மாத்திரையைப் போட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் லெவல் பொய்யாக ஏறித் தெரியும், டாக்டர் டோஸைக் குறைப்பார், அடுத்தது ரிஜெக்‌ஷன். மெக்னீசியமும் பார்க்கச் சொல்லுங்கள். டாக்ரோ அதைச் சிறுநீரில் வெளியேற்றும், அது குறைந்தவர்களுக்குச் சுகர் அதிகம் வருகிறது.

டயட் மேடம்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். பார்த்தது ஒரே காட்சி: படுக்கைக்கு அருகே ஐந்து பாட்டில், ஆரஞ்சு, மாதுளை, இளநீர், சத்து மாவுக் கஞ்சி, குளுக்கோஸ் தண்ணீர். "மூணு லிட்டர் குடிக்கச் சொன்னாங்களே" என்றார் அவர் அம்மா. சொன்னது தண்ணீர்! ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸில் ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை.

டயாலிசிஸில் வருஷக்கணக்கில் பழம், கீரை, தண்ணீர் எல்லாம் தடை. திடீரென்று கதவு திறக்கிறது, ஸ்டீராய்டு பசியும் சேர்கிறது. முதல் வருஷத்தில்தான் எடை ஏறும். வாராவாரம் ஒரே தராசில், ஒரே நேரத்தில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது கொழுப்பு அல்ல, நீர். உடனே போன் போடுங்கள். மாதம் ஒன்றரை கிலோ கூடினால் அது சாப்பாடு.

சுகர் ஏறுவது மதியத்துக்கு மேல். அதனால் கைவைக்க வேண்டியது காலை, மதியச் சோற்றில். எல்லாரும் ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டு மதியம் வாழையிலை முழுக்கச் சாப்பிடுகிறார்கள். தலைகீழ். மதியம் வெந்த சோறு 150 கிராம், அதே அளவு காய், ஒரு கிண்ணம் பருப்பு அல்லது முட்டை. காலையில் மூன்று இட்லி, சாம்பார் தாராளமாக. நாலு மணிக்கு பிஸ்கட் வேண்டாம், சுண்டல். பழம் நறுக்கியபடி ஒரு கை அளவு. மதியச் சாப்பாடு முடிந்து 15 நிமிஷ நடை, முகக்கவசத்தோடு. ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான் பொடிகள் டாக்ரோவோடு என்ன செய்யும் என்று தெளிவாகத் தெரியாது. தொடாதீர்கள்.

டயாலிசிஸ் டெக்னீஷியன்:
இன்சுலின் என்றாலே "வாழ்நாள் ஊசி" என்று ஓடுகிறார்கள். வியன்னாவில் 50 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மாலைச் சுகர் 140-ஐத் தொட்டதுமே காலையில் என்பிஎச் இன்சுலின் (நடுத்தர நேரம் வேலை செய்வது) போட்டார்கள். ஒரு வருஷத்தில் அந்தக் குழுவில் யாருக்கும் இன்சுலின் தேவைப்படவில்லை. 2012-ல் வந்த ஆய்வு. கணையத்துக்கு ஓய்வு கொடுத்தால் அது மீளும் என்பது கணக்கு.

லேப் ஆள்:
பாதியில் நிறுத்தாதீர்கள். பின்னால் வந்த பெரிய ஆய்வில் அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை.

வார்டு சிஸ்டர்:
இரண்டு பேரும் மோத வேண்டாம், வார்டில் நடக்கும் தப்பு வேறு. காலை ஸ்டீராய்டுக்கு ராத்திரி நீண்ட நேர இன்சுலின். விடியற்காலை நாலு மணிக்கு வியர்த்து நனைந்து, சுகர் 52. ஊசி நேரம் ஸ்டீராய்டு நேரத்தோடு பொருந்தியிருக்கிறதா என்று கேளுங்கள். பிரெட்னிசலோன் 20-லிருந்து 15, 10 என்று இறங்கும் ஒவ்வொரு முறையும் இன்சுலினும் இறங்க வேண்டும். சீட்டில் ஸ்டீராய்டு டோஸ் மாறி, இன்சுலின் பழைய யூனிட்டிலேயே இருந்தால் அன்றே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

லேப் ஆள்:
ஒரு திருத்தம். மேலே 75 கிராம் என்று எழுதியது நீரற்ற குளுக்கோஸ் கணக்கு. கடையில் கிடைக்கும் பொடி பெரும்பாலும் நீர் சேர்ந்தது, அதில் 82.5 கிராம் எடுக்க வேண்டும்.