இரவு ஷிப்டில் மட்டும் ஏன் இவ்வளவு பசி?

கோத்தகிரிவாசி:
என் அண்ணன் இங்குள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கொழுந்து மிகுதியாக வரும் மாதங்களில் அவருக்குத் தொடர்ந்து இரவு ஷிப்ட் இருப்பதால், பகலில் நான்கைந்து மணி நேரமே உறங்க முடிகிறது. அந்நாட்களில் வயிறாரச் சாப்பிட்டு எழுந்த சற்று நேரத்திலேயே வர்க்கி, மிக்சர் என்று தேடத் தொடங்கிவிடுகிறார். மலைக்குளிர்தான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள். பசியைக் குறைக்குமென்று இணையத்தில் விற்கும் ‘லெப்டின் மாத்திரை’யை வாங்கித் தரலாமா?

குன்னூர்க்காரர்:
குளிரை ஒதுக்கிவிட முடியாது. உடல் வெப்பத்தைக் காக்கக் கூடுதல் ஆற்றல் செலவாகும்போது, மூளை அதை ஈடுகட்ட உணவைக் கேட்கிறது. குளிரில் வைத்த சுண்டெலிகளிடம், பசியைத் தூண்டும் ஏஜிஆர்பி நரம்பணுக்கள் முடுக்கம் பெறுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும்: அதே குளிரில் பகல் ஷிப்ட் பார்க்கும் வாரங்களில் அவருக்கு இப்படிப் பசிக்கிறதா?

கோத்தகிரிவாசி:
இல்லை, அப்போது வழக்கமான பசிதான்.

உடலியல் ஆசிரியை, உதகை:
அப்படியானால் முதலில் உறக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் பகுதியான ஹைப்போதலாமஸின் அடிப்பகுதியில், ஆர்க்குவேட் என்னும் சிறு தொகுதியில், எதிரெதிராக இயங்கும் இருவகை நரம்பணுக்கள் உள்ளன: ஏஜிஆர்பி வகை உண்ணத் தூண்டுகிறது, பிஓஎம்சி வகை போதுமென்று அடக்குகிறது. வெறும் வயிற்றில் சுரக்கும் கிரெலின் என்னும் ஹார்மோன் முதல் வகையை முடுக்குகிறது. கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் என்னும் ஹார்மோன் அந்த முதல் வகையைத் தணித்து இரண்டாம் வகைக்கு வலுவூட்டுகிறது.

சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், நலமான இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கையில் இருக்கச் செய்து, பத்து மணி நேரம் படுத்திருந்த இரவுகளோடு ஒப்பிட்டபோது, லெப்டின் 18 விழுக்காடு குறைந்தும் கிரெலின் 28 விழுக்காடு கூடியும் இருந்தன. அவர்களுடைய நாட்டம் இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்களின் பக்கமே மிகுதியாகச் சாய்ந்தது. பின்னர் வந்த எல்லா ஆய்வுகளிலும் இதே அளவு மாற்றம் தென்படவில்லை என்றாலும், உறக்கம் குறைந்தவர்கள் கூடுதலாக உண்கிறார்கள் என்பது மீண்டும் மீண்டும் உறுதியாகியிருக்கிறது. ஆகவே உங்கள் அண்ணனை நாவடக்கமில்லாதவர் என்று வீட்டில் யாரும் கடிந்துகொள்ள வேண்டாம்.

மருந்தாளுநர், குன்னூர்:
மாத்திரைக்குச் செலவழிக்க வேண்டாம். லெப்டின் ஒரு புரதம். வாய்வழி உட்கொண்டால் மற்றப் புரதங்களைப் போலவே செரித்துப் போய்விடும். பிறவியிலேயே லெப்டின் இல்லாமல் ஓயாப் பசியோடும் கடும் உடற்பருமனோடும் இருந்த இரு குழந்தைகளைப் பற்றி இங்கிலாந்து மருத்துவர்கள் 1997-இல் எழுதினார்கள். அத்தகையோருக்கு ஊசி வழியாக லெப்டின் செலுத்தியபோது பசி தணிந்தது. அது மிக அரிய குறைபாடு. பருமனான பெரும்பாலோரின் இரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே மிகுதியாகவே இருக்கிறது, மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை.

அண்ணன் உறங்கும் அறையின் ஜன்னலுக்குக் கெட்டியான திரை போடுங்கள். ஷிப்டின் பின்பாதியில் தேநீரைத் தவிர்க்கச் சொல்லுங்கள், காஃபீன் பகல் உறக்கத்தைக் கெடுக்கும். வர்க்கிக்குப் பதிலாக முட்டையோ சுண்டலோ கட்டிக் கொடுத்தால் பசி சற்று நேரம் தாங்கும். இவற்றுக்குப் பிறகும் பசி அடங்காமல், தாகமும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் சேர்ந்திருந்தால், இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துவிடுங்கள்.