ஐசியுவில் சேரும் அனைவருக்கும் மருந்து எதிர்ப்புக் கிருமிப் பரிசோதனை: செலவுக்குத் தகுமா?

கேள்வி: கொங்கு_நிர்வாகி

நான் ஒரு தனியார் மருத்துவமனையின் நிர்வாகத்தில் இருக்கிறேன். ஐசியுவில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே மூக்கிலும் ஆசனவாயிலும் பஞ்சுக் குச்சியால் ஸ்வாப் எடுத்து, எம்ஆர்எஸ்ஏ கிருமியையும் (பல ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்படாத ஸ்டாஃபிலோகாக்கஸ்) கார்பபெனெம் என்ற வீரியமிக்க ஆன்டிபயாடிக் மருந்துக்குக் கட்டுப்படாத குடல் கிருமிகளையும் தேட வேண்டும் என்று எங்கள் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு கேட்கிறது. ஒரு கல்ச்சருக்கு (ஸ்வாபில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஆகும் தொகையை மாதச் சேர்க்கையால் பெருக்கிப் பார்த்தேன். சமாளித்துவிடலாம் என்றே தெரிகிறது. ஆனாலும் எதையோ விட்டுவிட்டேன் என்ற உறுத்தல் இருக்கிறது. எங்களிடம் 12 படுக்கைகள் உள்ளன. தனியறைகள் 2 மட்டுமே.

பதில் 1: ஆய்வகத்துக்காரர்

ஸ்வாபுக்குப் பிறகு வரும் செலவைத்தான் விட்டிருக்கிறீர்கள். கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அதுவரை எல்லோரையும் தனிமைப்படுத்தினால், கிருமியே இல்லாத பெரும்பாலோருக்கும் அறையும் கவுனும் கையுறையும் செலவாகும். தனிமைப்படுத்தாவிட்டால், முடிவு வருவதற்குள் கிருமி அடுத்த படுக்கைக்குப் போயிருக்கலாம். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை சில மணி நேரத்தில் சொல்லிவிடும், ஆனால் விலை அதிகம்.

இங்கிலாந்து இதில் நல்ல பாடம். அங்கே 2009 ஏப்ரல் முதல் திட்டமிட்டுச் சேரும் நோயாளிகளுக்கும், 2010 இறுதிக்குள் அவசரமாகச் சேருபவர்களுக்கும் எம்ஆர்எஸ்ஏ பரிசோதனை கட்டாயமானது. சேருபவர்களில் ஏறத்தாழ 1.5 சதவீதத்தினரிடமே கிருமி இருந்ததால் செலவுக்கேற்ற பலன் கிடைக்கவில்லை என்று கண்டு, 2014-இல் ஆபத்து மிகுந்த பிரிவுகளுக்கும் முன்பே கிருமி கண்டறியப்பட்டவர்களுக்கும் மட்டும் போதும் என்று மாற்றிக்கொண்டார்கள்.

கிருமி அரிதாக இருக்கும் இடத்தில் பொய்யான பாசிட்டிவும் தொல்லைதான். 1000 பேரில் 10 பேரிடம் மட்டுமே கிருமி இருப்பதாகவும், கிருமி இல்லாதவர்களில் 100-க்கு 2 பேருக்குச் சோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டுவதாகவும் வைத்துக்கொண்டால், சுமார் 20 பேர் காரணமின்றித் தனியறையில் கிடப்பார்கள். ஆனால் கார்பபெனெம் எதிர்ப்புக் கிருமி நம் ஊர் ஐசியுக்களில் அப்படி அரிதானதல்ல. அதனால் இங்கிலாந்தின் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பதில் 2: ஐசியு_சிஸ்டர்

எம்ஆர்எஸ்ஏவுக்கு இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்காவில் 74 ஐசியுக்களில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், யாரையும் பரிசோதிக்காமல் அனைவருக்கும் தினமும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொண்டு உடல் துடைத்து, மூக்கில் 5 நாட்கள் முபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு தடவியது, பரிசோதித்துத் தனிமைப்படுத்துவதைவிட நல்ல பலன் தந்தது. எல்லோருக்கும் முபிரோசின் தடவினால் அதற்கும் எதிர்ப்பு வளரும் என்ற கவலை எனக்கு உண்டு. குடலில் தங்கிய கிருமியையோ இவற்றால் அகற்ற முடியாது; கண்டுபிடித்துப் பிரித்து வைப்பதுதான் வழி. இரண்டு அறைகளும் நிரம்பிவிட்டால் பாசிட்டிவ் நோயாளிகளை ஒரே பக்கமாகச் சேர்த்து, அவர்களுக்கென்றே ஒரு நர்ஸை ஒதுக்க வேண்டும். அந்தக் கூடுதல் சம்பளத்தைக் கணக்கில் எழுதினீர்களா?

பதில் 3: பில்_பார்ப்பவர்

ஸ்வாப் எடுப்பது ஒருவரிடம்; பயன் பெரும்பாலும் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு. ஆகவே அந்தத் தொகையை நோயாளியின் பில்லில் ஏற்றுவது முறையல்ல. மருத்துவமனையே ஏற்க வேண்டும்.

கொங்கு_நிர்வாகி

நன்றி. வேறு மருத்துவமனை ஐசியுவிலிருந்து மாற்றப்பட்டு வருபவர்களுக்கும் அண்மையில் நீண்ட நாட்கள் உள்நோயாளியாக இருந்தவர்களுக்கும் மட்டும் குடல் கிருமிப் பரிசோதனையைத் தொடங்கலாம் என்று குழுவிடம் சொல்லப்போகிறேன். ஒரு நர்ஸின் சம்பளத்தையும் சேர்த்துத் திருத்திய கணக்கு திங்கட்கிழமை கூட்டத்துக்குப் போகிறது.