ரிஜிஸ்டரில் எழுதினால் சம்மதம் ஆகிவிடுமா?

குன்னூர்க் கிழவர்:
நேற்று கோத்தகிரி விடுதிக்காரர் ஒருவர் இங்கே அருளியது: "எங்கள் ரிஜிஸ்டரில் மெயில் முகவரி எழுதியவர் எங்கள் வாடிக்கையாளர். அவருக்கு எத்தனை மெயில் அனுப்பினாலும் அது ஸ்பேம் ஆகாது." படித்ததிலிருந்து எனக்குக் காப்பி இறங்கவில்லை. மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்காக ஏதோ ஒரு விடுதியில் ஒரே ஓர் இரவு அறை எடுத்தேன். ஆறு வருடமாக மலர்க் கண்காட்சிச் சலுகை, இரண்டாம் சீசன் சலுகை, பொங்கல் சலுகை என்று வந்துகொண்டே இருக்கிறது. நான் முப்பத்தொரு வருடம் தபால் பட்டுவாடா செய்தவன். குன்னூரில் பாதிப் பேரின் முகவரி எனக்கு மனப்பாடம். அதற்காக யார் வீட்டுத் திண்ணையிலும் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை.

கோத்தகிரி விடுதிக்காரர்:
அந்த "ஒருவர்" நான்தான் ஐயா. ரிஜிஸ்டரில் நீங்களே, உங்கள் கையால் எழுதியிருப்பீர்கள். யாரும் உங்கள் சட்டைப் பையில் கைவிட்டு எடுக்கவில்லை. முகவரிப் பட்டியலை விலைக்கு வாங்கி லாட்டரி விழுந்தது என்று எழுதுகிறானே, அவன் அனுப்புவது ஸ்பேம். ஏழு அறை வைத்துப் பிழைக்கிறவன், வந்து போனவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்வது ஸ்பேமா? 2024 மே மாதம் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகு எங்கள் பாடு என்ன என்று உங்களுக்குத் தெரியுமா?

லவ்டேல்:
ஒரு நிமிடம். ஸ்பேம் அனுப்புகிறவர்களைக் கண்காணிக்கும் ஸ்பேம்ஹவுஸ் என்ற அமைப்பு வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது: பெறுபவர் கேட்காதது, மொத்தமாக அனுப்பப்பட்டது. இரண்டும் சேர்ந்தால் ஸ்பேம். உள்ளே லாட்டரி இருக்கிறதா, சலுகை இருக்கிறதா என்பது கணக்கே இல்லை. இதை வைத்துக்கொண்டு பேசலாமா?

குன்னூர்க் கிழவர்:
கையால் எழுதினேன். ஏன் எழுதினேன்? ஜனவரிக் குளிர், இரவு பத்து மணி. பெயர், ஊர், வண்டி எண், மெயில் என்று வரிசையாகக் கட்டம். பையன் பேனாவை நீட்டுகிறான், பின்னால் குழந்தைகள் நடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள். போலீஸ் கேட்டால் காட்டுவதற்கு வைத்திருக்கும் நோட்டு அது. வண்டி எண்ணையும் எழுதினேனே, அதற்காக என் வண்டியில் விளம்பரம் ஒட்டுவீர்களா?

கோத்தகிரி விடுதிக்காரர்:
மெயில் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கலாமே. நாங்கள் தடுத்தோமா? ரிஜிஸ்டரில் எழுதியது நீங்கள்.

தமிழ்ச்சாரல்:
ஸ்பேம் அல்ல, எரிதம். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

மேட்டுப்பாளையத்தான்:
எரிதமோ எரிச்சலோ, எனக்கும் கோத்தகிரியிலிருந்து ஒன்று வருகிறது. இருநூறுக்கும் மேற்பட்ட முகவரிகளை எல்லாருக்கும் தெரிகிறபடி வரிசையாகப் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஒருவர் "என்னை நீக்குங்கள்" என்று எல்லாருக்கும் பதில் போட்டார். பிறகு இருபது பேர் "என்னையும்" என்று எல்லாருக்கும் போட்டார்கள். நாள் முழுக்கத் தேர்த்திருவிழா.

கோத்தகிரி விடுதிக்காரர்:
கீழேயிருந்து வருகிறவர்கள் தண்ணீர் பாட்டிலைச் சோலையில் வீசிவிட்டுப் போகாமல் இருந்தால், பிறகு எங்களுக்குப் பாடம் எடுக்கலாம்.

மேட்டுப்பாளையத்தான்:
இது போன வருடத்து இ-பாஸ் சண்டையின் பாக்கி. நான் மறக்கவில்லை. உங்கள் உருளைக்கிழங்கும் கேரட்டும் எங்கள் ஊர் மண்டியில்தான் விலைபோகின்றன, அதை நீங்களும் மறக்க வேண்டாம்.

கோத்தகிரி விடுதிக்காரர்:
விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 2003ஆம் வருடச் சட்டப்படி முன் அனுமதி இல்லாமலே விளம்பர மெயில் அனுப்பலாம். பெறுபவர் வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காக்காரனுக்கே சரி என்றால்?

குன்னூர்க் கிழவர்:
கோத்தகிரி எப்போது அமெரிக்காவோடு சேர்ந்தது? தந்தி கூட வரவில்லை.

லவ்டேல்:
அந்தச் சட்டத்தைப் பாதி படித்திருக்கிறீர்கள். விலகும் வழி மெயிலிலேயே இருக்க வேண்டும். அனுப்புபவரின் தபால் முகவரி இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும். ஐரோப்பாவின் 2002ஆம் வருட விதியில் உங்களுக்குச் சாதகமாக ஒன்று உண்டு: பொருளோ சேவையோ வாங்கியவருக்கு அதே போன்ற ஒன்றைப் பற்றி அனுப்பலாம். ஆனால் முகவரி வாங்கும்போதே மறுக்க வாய்ப்புத் தர வேண்டும். உங்கள் ரிஜிஸ்டரில் அப்படி ஒரு வரி உண்டா? நம் நாட்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் வருட விதிகளும், விளம்பரம் வேண்டாம் என்று பதியும் 1909 எண்ணும் தொலைபேசி அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும்தான், மெயிலுக்கு இல்லை. ஆனால் 2023இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்தக் காரியத்துக்காகத் தகவல் வாங்கினோமோ அந்தக் காரியத்துக்கே பயன்படுத்தச் சொல்கிறது.

கோத்தகிரி விடுதிக்காரர்:
டிஜிட்டல் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் அம்மா. என் ரிஜிஸ்டர் அட்டை போட்ட நோட்டு. பேனாவால் எழுதியது.

லவ்டேல்:
நோட்டில் இருந்ததைப் பிறகு கணினியில் ஏற்றினால் அதுவும் அடங்கும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. நோட்டிலிருந்தா மெயில் பறக்கிறது?

குன்னூர்க் கிழவர்:
நோட்டு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது, சொல்லிவிடுகிறேன். உலகத்தின் முதல் ஸ்பேம் என்று சொல்லப்படுவது 1978 மே 3ஆம் தேதி போனது. இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட் காலம். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் விற்பனை ஆள் கேரி துர்க், புதுக் கணினிகளைப் பார்க்க வாருங்கள் என்று சுமார் 400 பேருக்கு அனுப்பினார். முகவரிகள் எங்கிருந்து? அச்சடித்த ஓர் அடைவுப் புத்தகத்திலிருந்து பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்தார்கள். அதிலும் முகவரிகள் மேலே இடம் கொள்ளாமல் கடிதத்துக்குள்ளேயே வழிந்தன, மேட்டுப்பாளையத்தாருக்கு வந்ததைப் போல. உடனே கண்டனமும் வந்தது. அவரும் "அடைவில் இருந்ததே" என்று சொல்லியிருக்கலாம். இன்னொன்று. தபாலில் விளம்பரம் அனுப்புகிறவன் ஒவ்வொன்றுக்கும் காசு கட்டுகிறான். எங்கள் காலத்தில் அச்சுத்தாள் கட்டுகளை நான் முதுகில் சுமந்தேன், அதற்கு எனக்குச் சம்பளம் வந்தது. இங்கே அனுப்புகிறவனுக்கு ஒரு சொடுக்கு, அழித்து அழித்துக் கை நோவது எனக்கு. சம்பளம் தருவாரா கேளுங்கள்.

கோத்தகிரி விடுதிக்காரர்:
நாற்பது வரி எழுதினாலும் எழுதியது எழுதியதுதான். நான் சொன்னது ரிஜிஸ்டர்.

தமிழ்ச்சாரல்:
பதிவேடு.

மேட்டுப்பாளையத்தான்:
அந்த மெயிலில் "இரண்டு நாள் தங்கினால் அசல் ஊட்டி வர்க்கி இலவசம்" என்று வேறு இருந்தது. கோத்தகிரியில் ஏது ஊட்டி வர்க்கி?

லவ்டேல்:
2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே ஊட்டி வர்க்கிக்குத்தான்.

கோத்தகிரி விடுதிக்காரர்:
குறியீடு கிடைத்தால் எங்கள் அடுப்பு அணைந்துவிடுமா? என் தாத்தா காலத்திலிருந்து கோத்தகிரியில் வர்க்கி தின்கிறோம். சரி, வர்க்கி கிடக்கட்டும். ரிஜிஸ்டரில் அவர் எழுதினாரா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

குன்னூர்க் கிழவர்:
எழுதினேன். வண்டி எண்ணையும் எழுதினேன்.