மறு: கோர்ட்டில் உடன் நிற்பவருக்கு ஒரு தமிழ்ச் சொல்

வணக்கம் அனைவருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் தங்கச்சி கேட்ட சொல்லுக்கு நான்கு நாளாக ஒற்றை வரிப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒற்றை வரியில் முடிகிற விஷயம் இல்லை இது. பினாங்கில் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்படி ஒரு சொல் கையில் இல்லாமல் பட்ட பாடு எனக்குத் தெரியும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> எங்கள் துண்டறிக்கையில் 'லிட்டிகேஷன் ரெப்ரசென்டேட்டிவ்' எட்டு இடத்தில் வருகிறது. பக்கவாதம், டிமென்ஷியா, தலையில் அடி என்று தாமாக முடிவெடுக்க முடியாமல் போனவர்களுக்காக வழக்கில் நிற்பவர். ஒரே சொல்லாக வேண்டும். படிக்கப் போவது குடும்பத்தார், வழக்கறிஞர்கள் இல்லை.

கடைசி வாக்கியத்தைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகனோடு வந்திருந்தார். மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்ட பிள்ளை, இருபத்தாறு வயது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவின் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவன் பணத்தைக் கையாளும் பொறுப்பை அம்மாவிடம் கொடுக்கும்படி மனு. உள்ளே ஆங்கிலத்தில் 'கமிட்டி' என்றார்கள். நானும் "உங்கள் மகனுக்குக் கமிட்டி நியமிக்கக் கேட்டிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாவின் முகம் மாறிப்போயிற்று. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கமிட்டின்னா யார் யாரும்மா? எங்க வீட்டுக்காரர் பக்கத்து ஆளுங்களும் உட்காருவாங்களா? அப்படின்னா எனக்கு இந்தக் கேஸே வேணாம்."

நம் ஊரில் கமிட்டி என்றால் கோயில் கமிட்டி, பள்ளிக்கூடக் கமிட்டி. ஏழெட்டுப் பேர் கூடிக் கைதூக்கி முடிவு செய்வது. ஆனால் சட்டத்தில் இருக்கும் அந்தப் பழைய ஆங்கிலச் சொல், ஒரு பொறுப்பு யாரிடம் ஒப்படைக்கப்படுகிறதோ அவரைக் குறிக்கிறது. ஒரே ஆளாகவும் இருக்கலாம். அந்த மனுவில் 'கமிட்டி' என்று இருந்தது அந்த அம்மாவேதான்! இதைப் புரியவைக்க வராந்தாவில் அரை மணி நேரம் ஆனது. அன்றைக்கு நான் வாய்தவறி விட்ட ஒரு சொல்லால் ஒரு பிள்ளைக்குச் சேர வேண்டியது சேராமல் போயிருக்கும். அந்த நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

ஆகையால் தங்கச்சி, உங்கள் வரைவில் 'குழு' என்று வரும் மூன்று இடத்தையும் முதலில் மாற்றுங்கள். 'பொறுப்பாளர்' போதும். நம் மலேசியாவின் மனநலச் சட்டம் 2001 இரண்டு பொறுப்பைத் தனித்தனியாகப் பார்க்கிறது, ஒன்று ஆளைப் பற்றியது, இன்னொன்று சொத்தைப் பற்றியது. தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடிகிற, ஆனால் வரவுசெலவைக் கையாள முடியாத ஒருவருக்குச் சொத்துக்கு மட்டும் பொறுப்பாளரை உயர் நீதிமன்றம் நியமிக்கலாம். 'பராமரிப்புப் பொறுப்பாளர்', 'சொத்துப் பொறுப்பாளர்' என்று பிரித்து எழுதினால் குடும்பத்தாருக்கு உடனே விளங்கும்.

சரி, நீங்கள் கேட்டது வேறு ஆள். 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் 76-ஆவது கட்டளை இவரைப் பற்றியது. 18 வயது நிரம்பாதவரும், மனக்குறைபாட்டால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவரும் இன்னொருவர் வழியாகத்தான் வழக்குப் போடவோ வழக்கை எதிர்கொள்ளவோ முடியும். அந்த இன்னொருவருக்குத்தான் பெயர் தேடுகிறோம். அவர் வக்கீல் இல்லை. வக்கீல் அவருக்கும் தனியாக வேண்டும்.

> வழக்குப் பிரதிநிதி. நேரடியாக இருக்கிறது, வேறு தேட வேண்டியதில்லை.

ஈப்போ ஐயா, விதியின் சொல்லுக்கு இது மிக அருகில்தான் இருக்கிறது. ஆனால் கோர்ட்டு வராந்தாவில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். "நீங்க பிரதிநிதியா, பிரதிவாதியா?" முதல் முறை கோர்ட்டு வாசலை மிதிக்கிற எழுபது வயதுக்காரருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். தன் மேலேயே வழக்குப் போட்டுவிட்டார்கள் என்று பயந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

> வழக்குச் சார்பாளர்?

அழகான சொல். எனக்கும் இரண்டு நாள் இதன்மேல் ஆசை இருந்தது. ஆனால் நம் பத்திரிகைகள் தினமும் "பிரதிவாதி சார்பில் வழக்கறிஞர் இன்னார் முன்னிலையானார்" என்றுதானே எழுதுகின்றன? சார்பாளர் என்றதும் படிப்பவர் மனத்தில் கறுப்பு அங்கி வந்து நிற்கும். இவர் வக்கீல் இல்லை என்று விளக்குவதே துண்டறிக்கையின் பாதி வேலை. சொல்லே அதற்கு எதிராக இழுத்தால் எப்படி?

> வழக்குக் காப்பாளர்.

இதை நான் ஒப்ப மாட்டேன். பள்ளிக்கூடப் பாரத்தில் "பெற்றோர் / பாதுகாவலர்" என்று கையெழுத்துப் போட்டுப் பழகியவர்கள் நாம். காப்பாளர் என்றால் எதிரே ஒரு சிறுபிள்ளை இருக்க வேண்டும். அறுபது வருஷம் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்து, நாலு பிள்ளைகளைக் கரையேற்றிய ஒரு பெரியவர், பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனதால் பிள்ளையாகிவிடுவதில்லை.

என் முன்மொழிவு: வழக்குத்துணை.

வழித்துணை, பேச்சுத்துணை இரண்டும் நம் வீட்டுச் சொற்கள். ஆஸ்பத்திரியில் யாராவது படுத்திருந்தால் "துணைக்கு யார் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்போம். வழித்துணையாக வருகிறவர் நம் பயணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவதில்லை. போகும் இடம் நம்முடையது, அவர் கூட வருகிறார். வழக்கிலும் அதுதான். வழக்கு அந்தப் பெரியவருடையது, இழப்பீடு வந்தால் அவருடையது. துணை நிற்பவர் அவருடைய நன்மைக்காக நிற்கிறார்.

அகப்பாடல்களில் தோழி அறத்தொடு நிற்பதை நினைத்துப் பாருங்கள். தலைவி தன் காதலைத் தாயிடம் வாய்திறந்து சொல்ல முடியாத நேரத்தில் தோழி பேசுகிறாள். தனக்கு எது பிடிக்கும் என்பதைச் சொல்வதில்லை, தலைவியின் நெஞ்சில் இருப்பதைச் சொல்கிறாள். 'நிற்றல்' என்ற வினையையே அதற்கு வைத்தார்கள். இந்த உறவுக்கு நம்மிடம் இரண்டாயிரம் வருஷப் பழக்கம் இருக்கிறது.

இங்கிலாந்திலும் இந்தச் சொல் மாறியிருக்கிறது. அங்கே முன்பு வாதிக்கு ஒரு பெயர், பிரதிவாதிக்கு ஒரு லத்தீன் பெயர் என்று இரண்டு இருந்தன. 1999-இல் புதிய உரிமையியல் விதிகள் நடைமுறைக்கு வந்தபோது இரண்டையும் நீக்கிவிட்டு 'லிட்டிகேஷன் ஃபிரெண்ட்' என்று ஒன்றாக்கினார்கள். நட்பைத்தான் எடுத்தார்கள். அதற்காக 'வழக்குத் தோழர்' என்று நாம் போட வேண்டாம். தோழர் இப்போது கட்சி மேடைக்குப் போய்விட்டார். 'துணைவர்' என்றால் கணவர். 'துணை' மட்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நிற்கிறது.

ஒரு சிக்கல் உண்டு, மறைக்க மாட்டேன். நம் நாட்டுச் செய்திகளில் 'அரசு துணை வழக்கறிஞர்' அடிக்கடி வருவார். அங்கே துணை என்றால் அடுத்த படியில் இருப்பவர். துணைப் பிரதமர், துணை அமைச்சர் எல்லாம் அப்படித்தான். ஆனால் இடத்தைக் கவனியுங்கள். துணை முன்னால் வந்தால் பதவி, பின்னால் வந்தால் கூட நிற்கும் ஆள். துணை வழக்கறிஞர் வேறு, வழக்குத்துணை வேறு. ஒற்று மிகுத்து ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுங்கள், பிரித்து எழுதினால் குழப்பம் வரும்.

அப்புறம், 'மென்டல் கபாசிட்டி', அதாவது தாமாக முடிவெடுக்க முடிகிற நிலை. இதைத்தான் யாரும் தொடவில்லை, எனக்கு இதில்தான் கவலை அதிகம்.

வரைவில் 'மனநோயாளி' என்று இருக்கிறது. வேண்டாம். நம் மக்கள் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்ற ஊர்ப்பெயரையே வசையாக்கி வைத்திருக்கிறார்கள். 1911-இல் அங்கே மனநல ஆஸ்பத்திரி திறந்ததிலிருந்து அந்த ஊர் அந்தப் பழியைச் சுமக்கிறது. அந்தப் பட்டர்வொர்த் அம்மாவும் இதைத்தான் சொன்னார், "என் பிள்ளைக்கு மண்டையில அடி, பைத்தியம் இல்ல." சட்டமும் அவர் பக்கம்தான். மனக்குறைபாடு எந்த வழியில் வந்ததாக இருந்தாலும் அதன் வரையறைக்குள் வரும், நோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

'மனத்தகுதி' என்றால் இல்லாதவர் 'தகுதியற்றவர்' ஆகிவிடுவார், அது ஏச்சு. 'மனத்திறன்' என்றால் பரீட்சை மதிப்பெண் மாதிரி இருக்கிறது. 'சித்த சுவாதீனம்' பத்திரம் எழுதுபவர்களோடு போகட்டும். நான் சொல்வது 'முடிவெடுதிறன்'. பேசுதிறன் போல ஒரு வினையைச் சேர்த்த சொல். யாருடைய மூளையையும் அளக்காமல், ஒரு முடிவை எடுக்க முடிகிறதா என்று மட்டும் கேட்கிறது.

இங்கிலாந்தின் 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைப் பின்பற்றிய சிங்கப்பூரின் 2008-ஆம் ஆண்டுச் சட்டமும் இதை நன்றாகப் பிரித்துக் காட்டுகின்றன. இந்த ஒரு முடிவை, இந்த நேரத்தில், இவரால் எடுக்க முடிகிறதா? விவரம் புரிகிறதா, முடிவெடுக்கும் வரை நினைவில் நிற்கிறதா, சீர்தூக்கிப் பார்க்க முடிகிறதா, முடிவை எப்படியாவது தெரிவிக்க முடிகிறதா? கண் இமைத்துச் சொன்னாலும் சொன்னதுதான். மற்றவருக்கு முட்டாள்தனமாகப் படும் முடிவு என்பதற்காகத் திறன் இல்லை என்று சொல்லவும் கூடாது. 'சீர்தூக்குதல்' எவ்வளவு பொருத்தமாக உட்காருகிறது பாருங்கள்.

என் பெரியம்மாவுக்குக் கடைசி ஐந்து வருஷம் டிமென்ஷியா. காலையில் பூலாவ் திக்குஸ் சந்தைக்குக் கூட்டிப் போனால் எந்த மீன் நேற்றையது என்று செவுளைத் தூக்கிப் பார்த்துச் சொல்லிவிடுவார். யாரோடு இருக்க ஆசை என்று கேட்டால் ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை. வீட்டுப் பத்திரத்தை நீட்டினால் மட்டும் ஒன்றும் புரியாது, சாயங்காலமானால் என்னையே யாரென்று கேட்பார். அவரை 'மனநிலை சரியில்லாதவர்' என்று ஒரே பெட்டியில் போட்டு மூட எனக்கு மனம் வராது. 'வீட்டை விற்கும் விஷயத்தில் முடிவெடுதிறன் இல்லை' என்று எழுதினால் மீனும் ஆசையும் அவரிடமே இருக்கும்.

ஆகவே திறன் இல்லாதவருக்கு என்று தனிப் பெயர்ச்சொல் எதுவும் உண்டாக்க வேண்டாம். துண்டறிக்கை முழுவதும் அவரை 'வழக்குக்குரியவர்' என்றே எழுதுங்கள். வழக்குக்குரியவர், வழக்குத்துணை, வழக்கறிஞர் என்று மூன்று பேர்.

'பவர்', அதாவது தனக்காகச் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்கும் பத்திரம் பற்றி இரண்டு வரி சேர்க்க முடிந்தால் நல்லது. அப்பா நினைவு தப்பியபின் "பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக்கலாம்" என்று ஓடுகிறார்கள். எழுதிக் கொடுப்பவருக்கு அது புரிந்தால்தான் பவர் செல்லும். நல்ல நினைவோடு எழுதிக் கொடுத்த சாதாரண பவரும், அவர் மனநிலை கெட்டால் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி முடிந்துபோகும். சிங்கப்பூரில் அதன் பிறகும் நிலைக்கும் பத்திரம் ஒன்று உண்டு. அங்கே இருக்கும் உறவினர் சொல்வதைக் கேட்டு இங்கே ஏமாறுகிறார்கள்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து

*

மறுபடியும் வணக்கம்.

> அம்மா, சொல் இனிக்கிறது. ஆனால் 'துணை' இளைத்த சொல். சட்டம் அவருக்குத் தரும் அதிகாரம் பெரிது. கையெழுத்திடுகிறார், வழக்கை நடத்துகிறார், சமரசம் பேசுகிறார். கூட வருபவர் இதையெல்லாம் செய்வாரா?

ஐயா, நேற்று இரவு இதைப் படித்துவிட்டு 76-ஆவது கட்டளையை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டேன். கேள்வி நியாயமானது, இதற்குப் பதில் இல்லையென்றால் சொல்லைக் கைவிட வேண்டியதுதான்.

அவர் தனியாக நடத்த முடியாது, வழக்கறிஞர் வழியாகத்தான் செயல்பட வேண்டும். வழக்குக்குரியவரின் நலனுக்கு எதிரான நலன் அவருக்கு இருக்கக் கூடாது. அதே வீட்டில் பங்கு கேட்கிற தம்பி அண்ணனுக்குத் துணையாக வர முடியாது. சமரசம் பேசலாம், ஆனால் நீதிமன்றம் ஒப்புதல் தராவிட்டால் அந்தச் சமரசம் செல்லாது. வழக்கில் கிடைத்த பணமும் அவர் பைக்குள் போகாது, நீதிமன்றம் சொல்கிறபடிதான் அதைக் கையாள வேண்டும். சட்டமே இத்தனை கயிறு கட்டி, "நீ உரியவன் இல்லை, கூட வந்தவன்" என்று அவரை நிறுத்தி வைத்திருக்கிறது. பிரதிநிதி என்று எழுதினால் இந்தக் கயிறுகள் கண்ணுக்குத் தெரியாது. 'துணை' இளைத்திருப்பது சட்டத்தோடு பொருந்தித்தான் இருக்கிறது, ஐயா.

சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் நீதிமன்றம் நியமிக்கும் 'டெபுடி'க்கு என்ன சொல் என்று பூச்சோங் தம்பி கேட்டிருந்தார். அவர் வழக்குக்காக வருபவர் இல்லை, நம் பொறுப்பாளரைப் போன்றவர். அவருக்கும் 'துணை' என்று போட்டுவிடாதீர்கள், தம்பி. 'நியமனப் பொறுப்பாளர்' என்று இப்போதைக்கு எழுதலாம், இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் தனி மடலாகத் தொடங்குங்கள்.

இன்று காலை பக்கத்து வீட்டு அக்காவிடம் சோதித்தேன். வீட்டுக்காரருக்குப் பக்கவாதம், அக்காவுக்குத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு சரி. "வழக்குத்துணைன்னா என்ன நினைக்கிறீங்க?" என்றேன். கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார், "கேஸு அவருது, நான் கூடப் போறேன். அதானே?"

தங்கச்சி, எட்டு இடத்திலும் அதையே போடுங்கள். முதல் பக்கத்தில் அக்கா சொன்ன வாக்கியத்தையே விளக்கமாகச் சேர்த்துவிடலாம், அவரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார்.