கலைச்சொல் வேண்டும்: ப்ரோக்ரஸிவ் மஸில் ரிலாக்சேஷன்

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். பதற்றத்தால் தூக்கம் கெட்டவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, தலைப்பில் உள்ள பயிற்சிக்கு மட்டும் இன்னும் பெயர் அமையவில்லை. கையை இறுக மூடி ஐந்து முதல் ஏழு நொடி வைத்திருக்க வேண்டும். சட்டென்று விட்டுவிட்டு, அரை நிமிடம்போல அந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். அப்புறம் மேல் கை, நெற்றி, தாடை, தோள் என்று பாதம்வரை போகும். 'முற்போக்குத் தசைத் தளர்ச்சி' என்று ஓரிடத்தில் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை.

தமிழாசிரியர்:
ஒப்பவே வேண்டாம். முற்போக்கு அரசியலுக்குப் போய்விட்ட சொல். தளர்ச்சியோ நோயின் பெயர். நரம்புத் தளர்ச்சி என்று கேட்டுப் பழகியவர், ஏற்கெனவே பதறிப்போய் இருப்பவர், இதைப் படித்தால் என்ன நினைப்பார்? 'தசை நெகிழ்வு' என்று வையுங்கள். ஞண்டு நண்டானதுபோல ஞெகிழ் என்பதே நெகிழ் ஆனது. கட்டு விடுவதும் மனம் இளகுவதும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன.

வாசகர் ஒருவர்:
ஐயா, நெகிழி இன்று பிளாஸ்டிக் ஆகிவிட்டதே! அதோடு, அகப்பாடல்களில் நெகிழ்வது யாருக்கு? 'தொடியொடு தோள்நெகிழ நோவல்' என்று குறளில் தலைவி சொல்வது உறுப்புநலனழிதல் அதிகாரத்தில். அங்கே தோள் நெகிழ்வதே துயரத்தின் அடையாளம். துயர் தீர்க்கும் பயிற்சிக்கு அந்தச் சொல்லா?

தமிழாசிரியர்:
அது மெலிவால் வந்த நெகிழ்வு. சொல்லின் குற்றமன்று. 'நெகிழ்ந்து போனேன்' என்று இன்றும் நல்ல பொருளில்தானே சொல்கிறோம்?

இயன்மருத்துவர்:
எங்கள் துறையில் நெகிழ்வு என்றால் உடல் வளையும் தன்மை. 'தசை நெகிழ்வுப் பயிற்சி' என்று அச்சிட்டால், காலை நீட்டிக் குனிந்து விரலைத் தொடுவதாகத்தான் புரிந்துகொள்வார்கள். முதுகு வலி உள்ளவர் அப்படிச் செய்தால் வம்பு.

மற்றொரு வாசகர்:
சவாசனம் என்ற சொல் எல்லாருக்கும் தெரியுமே?

உளநல ஆலோசகர்:
சவாசனத்தில் இறுக்குவது கிடையாது. இங்கே உயிர்நாடியே அதுதான். 1929இல் இதை நூலாக்கிய அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன், தன் தசை இறுகியிருப்பதை ஒருவர் தானே உணரப் பழக வேண்டும் என்றார். பதற்றக்காரருக்குத் தாடை கடித்திருப்பதும் தோள் காதுவரை ஏறியிருப்பதும் தெரிவதே இல்லை. வேண்டுமென்று இறுக்கி விடும்போதுதான் வேறுபாடு பிடிபடுகிறது. 'உடம்பைத் தளர்த்துங்கள்' என்று சொன்னால் பலருக்கும் வராது. 'இறுக்குங்கள், இப்போது விடுங்கள்' என்றால் உடனே வரும். அதனால் 'இறுக்கித் தளர்த்தல்' என்பதே என் பரிந்துரை.

முன்னொட்டுக்குப் 'படிப்படியான' போதும். ஓர் உறுப்பிலிருந்து அடுத்ததற்குப் போவதும் அதில் வரும், நாளாக ஆகத் திறன் கூடுவதும் வரும். பதினாறு தசைத் தொகுதிகளில் தொடங்கி, ஏழு, நான்கு என்று குறைத்துக்கொண்டே போகும் முறை உண்டு.

பெயர் எதுவானாலும் இதைக் கையேட்டில் சேருங்கள்: அடிபட்ட இடத்தை இறுக்கக் கூடாது, மூச்சைப் பிடித்து வைக்கக் கூடாது. சிலருக்கு உடம்பு தளரும்போது பதற்றம் கூடும். அவர்கள் கண்ணைத் திறந்துகொள்ளலாம், நிறுத்தியும் விடலாம்.

தமிழாசிரியர்:
அம்மா சொல்லும் விளக்கம் அருமை. ஆனால் 'இறுக்கித் தளர்த்தல்' செய்முறை, பெயரன்று. எதை இறுக்குவது என்ற கேள்வி நிற்கும்.

வாசகர் ஒருவர்:
தசையைச் சேர்த்தால் ஒற்று மிகுமா? கதை கேட்டல், கதை சொல்லுதல்போலத் 'தசை தளர்த்தல்' என்று இயல்பாகத்தானே வரும்? தசையினது தளர்வு என்றால் 'தசைத் தளர்வு'. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர்:
நன்றி. எல்லார் கருத்தையும் எண்ணிப் பார்த்துத் தலைப்பில் 'படிப்படியான தசைத் தளர்வுப் பயிற்சி' என்று போடுகிறேன். உள்ளே ஒவ்வொரு படியிலும் 'இறுக்குங்கள், விடுங்கள்' என்றே வரும். எச்சரிக்கைகளைக் கட்டம் கட்டி முதல் பக்கத்தில் வைக்கிறேன்.

தமிழாசிரியர்:
அச்சுக்குப் போகட்டும். என் வாக்கு நெகிழ்வுக்கே. தளர்வில் சோர்வின் வாடை இருக்கிறது என்பதை மறுபதிப்பின்போது மீண்டும் எழுப்புவேன்.