வைட்டல்ஸ் (பல்ஸ், மூச்சு, பிபி மாதிரி ரீடிங்) எடுக்கத் தெரியுது, அடுத்து என்னன்னு முடிவெடுக்க வரல, உதவி வேணும்

நர்சிங் மூணாவது வருஷம், சர்ஜிகல் வார்டு போஸ்டிங்ல 5 வாரம் ஆச்சு. ஒவ்வொரு ரீடிங்கும் தனித்தனியா புரியுது, சேர்த்துப் பாத்து பேஷன்ட் மோசமாகறாங்கன்னு சொல்ல வரமாட்டேங்குது.

போன வாரம் ஒருத்தர், வயித்து ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவது நாள். காலைல பல்ஸ் 88, மூச்சு 16, மேல் பிபி 122. மதியம் பல்ஸ் 112, மூச்சு 24, பிபி 108, டெம்பரேச்சர் 37.8, ரூம் ஏர்ல ஆக்சிஜன் 96, நல்லா பேசறார், யூரின் பேக்ல மட்டும் அடர் மஞ்சளா கொஞ்சூண்டு. பிபி 100க்கு மேலதானேன்னு சார்ட்ல எழுதிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டேன். சீனியர் சிஸ்டர் வந்து அவர் கையத் தொட்டாங்க, சில்லுன்னு இருந்துச்சு, உடனே டாக்டரக் கூப்பிட்டாங்க. இப்போ நல்லா இருக்கார், ஆனா அந்தக் கை என் மனச விட்டுப் போகல.

ஏபிசிடிஇ (மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், சுயநினைவு, கடைசியா முழு உடம்புன்னு வரிசையா பாக்கறது) மனப்பாடம். ரூமுக்கு வந்து அவரோட மதிய ரீடிங்குக்கு நியூஸ் 2 ஸ்கோர் (எல்லா வைட்டல்ஸையும் சேர்த்து பேஷன்ட் எவ்வளவு மோசம்னு காட்டற மார்க்) போட்டா 5, அவசரமா டாக்டர் பாக்கணும். பிபி கடைசியாத்தான் விழும், மூச்சும் பல்ஸும் முன்னாடியே ஏறும்னு பரீட்சைல எழுதி மார்க்கும் வாங்கிருக்கேன். கேஸ் ஸ்டடி நிறைய போட்டேன், பேப்பர்ல சரியா வருது, ஏன்னா அதுல முக்கியமானத அவங்களே எடுத்துக் குடுத்துடறாங்க.

பெட் பக்கத்துல நிக்கும்போதே இந்த மாற்றத்தப் பிடிக்க நீங்க தினமும் என்ன பயிற்சி பண்ணீங்க?