அமைதிப்படையில் பாலின விவகாரப் பணி: இது ராணுவ வேலைதானா?

அஸ்தம்பட்டி ஆசிரியை (கேள்வி):
என் தங்கை மகள் சேலத்தில் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், என்.சி.சி.யில் 'சி' சான்றிதழும் பெற்றுவிட்டாள். 2023ஆம் ஆண்டுக்கான ஐ.நா. ராணுவப் பாலினச் செயற்பாட்டாளர் விருது பெற்ற இந்திய ராணுவ அதிகாரி மேஜர் ராதிகா சென் பற்றிப் படித்த நாளிலிருந்து, அதே பணிக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய அப்பாவோ, "மகளிர் குழுக் கூட்டம் நடத்தப் பட்டாளம் எதற்கு?" என்கிறார். கிண்டலாகக் கேட்டாலும் அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஐ.நா. அமைதிப்படையில் ஒரு பெண் அதிகாரி பாலின விவகாரங்களைக் கவனிக்கிறார் என்றால், அவர் அன்றாடம் செய்யும் வேலைதான் என்ன?

வாழப்பாடி, ஓய்வுபெற்ற சுபேதார்:
அம்மா, நான் காங்கோவின் வடக்குக் கிவு மாகாணத்தில் ஐ.நா. படையில் இருந்தவன். ரோந்து வண்டி ஊருக்குள் நின்றவுடன் ஊர்த்தலைவரும் நாலைந்து ஆண்களும் வந்து நிற்பார்கள், மொழிபெயர்ப்பாளர் விசாரிப்பார், பிரச்சினை ஒன்றும் இல்லை என்று பதில் வரும், அதையே எழுதிக்கொண்டு முகாமுக்குத் திரும்புவோம். மஞ்சள் கேன்களில் தண்ணீர் சுமந்து வரும் பெண்கள் எங்களைக் கண்டதும் பாதையை விட்டு விலகிப் புதரோரமாக நடந்துவிடுவார்கள். ஆயுதக் குழுக்கள் எந்தப் பாதையில் மறிக்கின்றன, எந்தச் சந்தைக்குப் போக ஊரார் அஞ்சுகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும், ஏனென்றால் விறகுக்கும் தண்ணீருக்கும் வயலுக்கும் போகிறவர்கள் அவர்களே. பெண் வீரர்கள் எங்களோடு வரத் தொடங்கிச் சில வாரங்களில், பகல் பதினொரு மணிக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் ரோந்து விடியற்காலைக்கு மாற்றப்பட்டது. ஆபத்து இருந்த வேளை அதுதான் என்பது அதுவரை எங்கள் குறிப்பேட்டில் ஏறவே இல்லை.

மேஜர் ராதிகா சென் 2023 மார்ச் முதல் 2024 ஏப்ரல் வரை அங்கே, மக்களோடு பழகுவதையே பொறுப்பாகக் கொண்ட பிளாட்டூன் என்னும் சிறு படைக்குழுவுக்குத் தலைமை வகித்தார். ஊர்ப் பெரியவர்களும் இளைஞர்களும் பெண்களும் தங்கள் பாதுகாப்புக் கவலைகளைப் படைக்குத் தெரிவிக்கும் எச்சரிக்கை வலையமைப்புகளை உருவாக்கினார். பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு, பெரியவர்களுக்குத் தொழிற்பயிற்சி என்பவையும் நடந்தன. இந்த வகுப்புகளை மட்டும் பார்த்தால் உங்கள் தங்கை கணவர் சொல்வது சரிபோலத்தான் தோன்றும். ஆனால் வகுப்பில் அறிமுகமான முகத்திடம்தான் ஒரு தாய், நேற்றிரவு நடந்ததைச் சொல்வாள்.

ஏற்காடு, கிராமச் செவிலியர்:
சுபேதார் ஐயா சொல்வதை நான் இந்த மலையிலேயே பார்க்கிறேன். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் தோட்டத்து லயன்களில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், கூட்டம் போட்டுக் குறைகளைக் கேட்டால், பெண்கள் தலையைக் குனிந்திருக்க, மேஸ்திரி எழுந்து குறை எதுவும் இல்லை என்பார். அதே பெண்களோடு குழாயடி வரை நடந்தால், இருட்டிய பிறகு எந்தத் திருப்பத்தில் குடிகாரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை இடம் சுட்டிச் சொல்கிறார்கள். போர் நடக்கும் ஊரையும் இதையும் ஒன்றாக வைக்கவில்லை. கேட்கும் ஆளையும் இடத்தையும் பொறுத்தே பதில் வருகிறது என்கிறேன், அவ்வளவுதான்.

சூரமங்கலம் வாசகர்:
மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பெண்கள், அமைதி, பாதுகாப்பு பற்றிய 1325ஆம் தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2000 அக்டோபர் 31 அன்று நிறைவேற்றியது. ஆனால் அதற்குப் பின்பும் அமைதிப்படையினர் மீதே பாலியல் சுரண்டல் புகார்கள் எழுந்ததால்தான், அத்தகைய படைப்பிரிவுகளைத் திருப்பி அனுப்ப வழிசெய்யும் 2272ஆம் தீர்மானம் 2016இல் வந்தது. ஆகவே பாலின ஆலோசகராக இருப்பவர் ஊர்மக்களிடம் மட்டுமல்ல, தன் சக வீரர்களிடமும் கசப்பான பேச்சைப் பேச வேண்டியிருக்கும். எனக்குக் கடினமான பகுதியாகத் தோன்றுவது இதுதான். 2028க்குள் படைப்பிரிவுகளில் 15 விழுக்காடும், ராணுவப் பார்வையாளர், தலைமையக அதிகாரி பதவிகளில் 25 விழுக்காடும் பெண்கள் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கைக்காக அனுப்பப்பட்டு முகாமுக்குள்ளேயே உட்கார வைக்கப்பட்டால் பயன் என்ன?

அஸ்தம்பட்டி ஆசிரியை:
மூவருக்கும் நன்றி. குழாயடிக் கதையைப் படித்துக் காட்டியதும் அவள் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் வளர்ந்ததும் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம்தான். இந்தப் பணிக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியுமா, ஐயா? சுவாஹிலி மொழி கற்க எங்கே போவது என்று இப்போதே கேட்கிறாள்.

வாழப்பாடி, ஓய்வுபெற்ற சுபேதார்:
நேரடியாக முடியாது. முதலில் அவர் ராணுவ அதிகாரியாக வேண்டும். 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' தரம் இருந்தால், என்.சி.சி. சிறப்புச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வு இல்லாமல் எஸ்.எஸ்.பி. எனப்படும் படை அதிகாரித் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம், தேர்வானால் பயிற்சி சென்னைப் பரங்கிமலையில். அமைதிப்படைக்கான பயிற்சி, சில ஆண்டுகள் படையில் பணியாற்றித் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு டெல்லியில் உள்ள ஐ.நா. அமைதிகாப்பு மையத்தில் கிடைக்கும். சூரமங்கலத்து நண்பரின் கேள்வி நியாயமானது. முகாமுக்குள் உட்கார வைப்பதும் வெளியே அனுப்புவதும் அந்தந்தத் தளபதியைப் பொறுத்தது, இரண்டு வகையினரையும் பார்த்திருக்கிறேன்.

மொழியைப் பற்றி: கிழக்குக் காங்கோவின் ஊர்களில் சுவாஹிலி, அலுவலகங்களில் பிரெஞ்சு. பிரெஞ்சு தெரிந்தால் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் உதவும் என்பதால், பாப்பாவை முதலில் அதைத் தொடங்கச் சொல்லுங்கள்.